வெள்ளி வற்றிய பின்: பிராக் அருகே குட்னா ஹோரா

செக் குடியரசின் தலைநகரான பிராக்கிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவில், ரயிலில் ஒரு மணி நேரத்தில் எட்டிவிடக்கூடிய குட்னா ஹோரா, இருபதாயிரத்தைச் சற்றே தாண்டிய மக்கள்தொகை கொண்ட ஒரு சிறு நகரமாகும். பகலில் வந்த சுற்றுலாப் பயணிகள் மாலை ரயிலில் திரும்பியதும், கல் பாவிய அதன் சரிவுத் தெருக்களில் ஆள் நடமாட்டம் வெகுவாகக் குறைந்துவிடும். அத்தகைய ஊரில் யாரும் எதிர்பார்க்காத பெருங்கட்டடங்கள் அங்கே நிற்கின்றன: ஐந்து நடைகள் கொண்ட, எந்த அரசின் தலைநகருக்கும் பெருமை சேர்க்கக்கூடிய ஒரு கோதிக் தேவாலயம், மன்னர்கள் தங்கி ஆணைகள் பிறப்பித்த ஓர் அரண்மனை, ஊரின் ஒரு புறப்பகுதியில், ஒரு காலத்தில் பழைய செக் அரசான பொஹீமியாவின் மிகப் பெரியவற்றுள் ஒன்றாக விளங்கிய துறவியர் மடத்துப் பேராலயம். ஊரின் அளவுக்கும் கட்டடங்களின் அளவுக்கும் இடையே உள்ள இந்தப் பெரும் வேறுபாட்டுக்கான காரணம் தரைக்கு மேலே எங்கும் தென்படாது. அது மண்ணுக்கு அடியில், 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் கண்டெடுக்கப்பட்ட வெள்ளித் தாதுவில் இருக்கிறது. குட்னா ஹோராவின் இன்றைய அமைதியும் அதே மண்ணுக்கடியிலிருந்து வந்ததுதான். தாது தீர்ந்ததால் செல்வம் நின்றது, செல்வம் நின்றதால் பழையதை இடித்துப் புதியதைக் கட்டும் வலுவை ஊர் இழந்தது, அதனால் பழைய ஊர் பெருமளவு அப்படியே எஞ்சியது.

நகரத்துக்கு முன்பே அங்கே மடம் இருந்தது. இப்போது குட்னா ஹோராவின் ஒரு பகுதியாக உள்ள செட்லெட்ஸில், 1142ஆம் ஆண்டு சிஸ்டர்சியன் துறவியர் ஒரு மடத்தை நிறுவினர். உழவையும் உடலுழைப்பையும் வழிபாட்டின் பகுதியாகக் கொண்ட இப்பிரிவினர் பொஹீமியாவில் அமைத்த முதல் மடம் அதுவே. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக் காலம் காடு திருத்தியும் நிலம் உழுதும் வாழ்ந்த அம்மடத்தின் நிலத்திலும் அதைச் சுற்றிய மேடுகளிலும், 1290களில் வெள்ளித் தாது மேற்பரப்புக்கு அருகிலேயே கிடைப்பது தெரியவந்தது. செய்தி பரவியதும் ஜெர்மன் மொழி பேசும் சுரங்கத் தொழிலாளரும், தாது வாங்கும் வணிகரும், உருக்குவோரும், கள்ளும் ரொட்டியும் விற்போரும் அங்கே திரண்டனர். தெருக்கள் யாரும் வரைந்த திட்டப்படி அமையவில்லை. சுரங்க வாய்களுக்கு இடையே மக்கள் நடந்த தடங்களே தெருக்களாகின. அதன் சுவடு இன்றும் தெளிவாகவே உள்ளது: நேராகச் செல்லும் தெருவும் சதுரமான சந்தைத் திடலும் அங்கே அரிது, வளைந்து பிரிந்து மீண்டும் கூடும் சந்துகளே மிகுதி.

இந்தக் குழப்பமான குடியேற்றத்தை அரசின் கருவூலமாக மாற்றியவர் மன்னர் இரண்டாம் வென்செஸ்லாஸ் ஆவார். 1300ஆம் ஆண்டு அவர் இரு செயல்களைச் செய்தார். முதலாவது, இத்தாலியின் ஓர்வியேட்டோ ஊரைச் சேர்ந்த கோட்ஸியஸ் என்னும் சட்ட அறிஞரின் துணையுடன், அரசுரிமைச் சுரங்கச் சட்டம் எனப் பொருள்படும் லத்தீன் தலைப்பில் ஒரு விரிவான சட்டத் தொகுப்பை வெளியிட்டது. சுரங்கத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு, எடுக்கும் தாதுவில் அரசருக்குச் சேரவேண்டியது எவ்வளவு, சுரங்கத்துக்குள் காற்றோட்டத்துக்கும் நீர் இறைப்புக்கும் யார் பொறுப்பு, கூலி எப்படித் தரப்பட வேண்டும் என்பனவற்றை அது வரையறுத்தது. ஐரோப்பியச் சுரங்கச் சட்ட வரலாற்றில் அதற்குத் தனியிடம் உண்டு என்பதோடு, ஆழத்தில் உழைப்பவரின் நிலையைச் சட்டத்தின் பொருளாக அவ்வளவு முன்பே ஏற்றுக்கொண்டது என்பதும் கருதத்தக்கது. இரண்டாவது, நாட்டில் பல இடங்களில் சிதறிக் கிடந்த அக்கசாலைகளை, அதாவது காசு அடிக்கும் கூடங்களை, மூடிவிட்டு, குட்னா ஹோராவில் ஒரே மைய அக்கசாலையை நிறுவியது. அத்தொழிலைக் கற்றுத்தர இத்தாலியின் ஃபுளோரன்சிலிருந்து வல்லுநர்கள் வரவழைக்கப்பட்டதால், அக்கட்டடத்தை மக்கள் இத்தாலிய முற்றம் என்றே வழங்கினர். இன்றும் அதுவே பெயர்.

அங்கே அடிக்கப்பட்ட வெள்ளிக் காசு பிராக் கிரோஷ் எனப்பட்டது. தொடக்கத்தில் 4 கிராமுக்குச் சற்றுக் குறைந்த எடையும் உயர்ந்த தூய்மையும் கொண்ட அக்காசின் ஒரு முகத்தில் மணிமுடியும், மறு முகத்தில் இரட்டை வால் கொண்ட பொஹீமியச் சிங்கமும் பொறிக்கப்பட்டன. ஒரு கிரோஷுக்குப் பன்னிரண்டு சிறுகாசுகள் என்றும், 60 கிரோஷ்கள் சேர்ந்தது ஒரு கோபா என்றும் கணக்கு வைக்கப்பட்டது. தரம் நம்பகமாக இருந்ததால் போலந்து, ஜெர்மன் நாடுகள், ஹங்கேரி என நடு ஐரோப்பா முழுவதிலும் அது செல்லுபடியானது. காசின் மீது பொறிக்கப்பட்ட பெயர் பிராக். அதை வெட்டியெடுத்து, உருக்கி, அடித்துக் கொடுத்ததோ குட்னா ஹோரா. தலைநகருக்கும் அதன் அருகிலிருந்த சிறு நகருக்கும் இடையே நிலவிய உறவை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று வேறில்லை. 14ஆம் நூற்றாண்டில் நான்காம் சார்லஸ் பேரரசராகிப் பிராக்கில் பல்கலைக்கழகமும் பாலமும் பேராலயமும் எழுந்த காலத்தில், அந்த அரசின் வருவாய்க்கு முதுகெலும்பாக இருந்தது இவ்வூரின் வெள்ளியே ஆகும்.

அந்த வெள்ளியை மேலே கொண்டுவந்த உழைப்பைப் பற்றி அறியாமல் ஊரின் கட்டடங்களைப் பார்ப்பது அரைப் பார்வையே ஆகும். தொடக்கத்தில் தரைக்கு அருகில் கிடைத்த தாது விரைவிலேயே தீர, தொழிலாளர் ஆழத்தை நோக்கிச் சென்றனர். கழுதை எனப் பொருள்படும் ஓசெல் என்ற பெயர் கொண்ட சுரங்கம் ஏறத்தாழ 500 மீட்டர் ஆழம் வரை இறங்கியது, அக்கால உலகில் அதற்கு ஈடான ஆழம் கொண்ட சுரங்கங்கள் மிகச் சிலவே. உளியாலும் சுத்தியலாலும் பாறையைச் சிறிது சிறிதாகக் கொத்துவதே வழக்கமான முறை. பாறை மிகக் கடினமாக இருந்த இடங்களில் அதன் அடியில் விறகு அடுக்கி எரித்து, சூட்டில் விரிந்து வெடிக்கும்படி செய்து, பின்னர் அதை உடைத்தெடுத்தனர். தீயின் புகை அடங்கும் வரை உள்ளே மூச்சுவிட முடியாது. கையிலிருந்த ஒளி, கொழுப்பு ஊற்றி எரித்த சிறு மண் அகல் தந்த ஒளி மட்டுமே. இருட்டில் ஒருவர் மற்றவரைக் கண்டுகொள்வதற்காக வெளுத்த துணியாலான முக்காடிட்ட அங்கியை அணிந்தனர். சரிவுகளில் வழுக்கி இறங்குவதற்காக இடுப்பின் பின்புறம் தோல் கட்டியிருந்தனர். தாதுவையும் நீரையும் மேலே இழுப்பதற்குக் குதிரைகள் சுற்றிவரும் பெரும் மரச் சக்கர ஏந்திரங்கள் அமைக்கப்பட்டன. சுரங்கத்தைத் தாங்கும் தூண்களுக்கும் உருக்கு உலைகளின் கரிக்கும் ஆன மரம் அருகிலுள்ள காடுகளில் தீர்ந்தபின், 16ஆம் நூற்றாண்டில் வடக்கே கிர்கோனோஷே மலைகளிலிருந்து வெட்டப்பட்டு எல்பே ஆற்றில் மிதக்கவிட்டுக் கொண்டுவரப்பட்டது.

இவ்வளவு செல்வம் குவிந்த இடத்தில் அரசியலும் குவிந்தது. நான்காம் வென்செஸ்லாஸ் 1400ஆம் ஆண்டையொட்டி இத்தாலிய முற்றத்தைத் தம் உறைவிடமாக மாற்றியமைத்தார். 1409 ஜனவரியில் அவர் அங்கிருந்து பிறப்பித்த ஆணை, பிராக் பல்கலைக்கழகத்தின் வாக்குரிமையை மாற்றியது: அதுவரை நான்கு பிரிவுகளாக இருந்த ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் பிரிவுக்கு ஒரு வாக்கு இருந்த நிலையில், பொஹீமியப் பிரிவுக்கு மூன்று வாக்கும் ஏனைய மூன்று பிரிவுகளுக்கும் சேர்த்து ஒரே வாக்கும் என்று அது தீர்மானித்தது. ஜெர்மன் ஆசிரியரும் மாணவரும் பெருந்திரளாக வெளியேறினர். அவர்களுள் பலர் கூடி அதே ஆண்டிலேயே லைப்சிக் பல்கலைக்கழகத்தைத் தொடங்கினர். பிராக்கில் எஞ்சியவர்களிடையே சமயச் சீர்திருத்தக் கருத்துகளைப் பேசிய யான் ஹுஸ் பல்கலைக்கழகத் தலைவரானார். அவர் 1415இல் தீயிலிடப்பட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து வெடித்த ஹுஸைட் போர்கள், கத்தோலிக்க ஜெர்மானியர் மிகுந்திருந்த குட்னா ஹோராவைக் கடுமையாகத் தாக்கின. ஊரார் தம்மிடம் சிக்கிய ஹுஸைட்டுகளைச் சுரங்கக் குழிகளுக்குள் உயிரோடு தள்ளிக் கொன்றதாகவும், அவ்வாறு மாண்டவர் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர் என்றும் அக்காலக் குறிப்புகள் கூறுகின்றன. 1421இல் ஹுஸைட்டுகள் செட்லெட்ஸ் மடத்தை எரித்தனர். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில், ஹுஸைட் தளபதி யான் ஜிஷ்காவின் படைக்கு அஞ்சிப் பின்வாங்கிய மன்னர் சிகிஸ்மண்டின் படையினர் நகரையே எரித்துவிட்டுச் சென்றனர்.

ஆனால் அதே ஊரில்தான், அரை நூற்றாண்டுக்கும் மேல் கடந்தபின், ஐரோப்பியச் சமய வரலாற்றில் இன்னும் உரிய கவனம் பெறாத ஓர் உடன்பாடு எட்டப்பட்டது. 1485ஆம் ஆண்டு குட்னா ஹோராவில் கூடிய பேரவையில், பொஹீமியாவின் கத்தோலிக்கரும், திராட்சை இரசக் கிண்ணத்தைக் குருமார்க்கு மட்டுமன்றி எல்லா விசுவாசிகளுக்கும் உரியதாகக் கருதிய ஹுஸைட் மரபினரும், ஒருவரையொருவர் சமமாக ஏற்று வாழ்வதென 31 ஆண்டுக் கால அமைதிக்கு உடன்பட்டனர். 1512இல் அது காலவரையின்றி நீட்டிக்கப்பட்டது. பிரபுக்களுக்கு மட்டுமன்றி அவர்களுடைய நிலத்தில் வாழ்ந்த எளிய குடிகளுக்கும் தாம் விரும்பிய முறையில் வழிபடும் உரிமை அதில் ஒப்புக்கொள்ளப்பட்டது. ஆள்பவரின் சமயமே குடிகளின் சமயம் என்ற கோட்பாடு 1555இல் ஜெர்மன் நாடுகளில் சட்டமாவதற்கு எழுபது ஆண்டுகள் முன்னரே, அதற்கு நேர்மாறான ஒரு வழியைப் பொஹீமியா கண்டிருந்தது என்பதை இவ்வூருக்குச் செல்லும் ஒவ்வொருவரும் அறிந்திருப்பது நல்லது. குழிகளில் மனிதரைத் தள்ளிய நினைவு மறையாத ஊரிலேயே அந்த உடன்பாடு பிறந்தது என்பது அதன் மதிப்பை மேலும் கூட்டுகிறது.

வெள்ளியின் வீழ்ச்சி ஒரே நாளில் நேர்ந்ததன்று. சுரங்கங்கள் ஆழமாக ஆக, நீரை இறைக்கும் செலவு தாதுவின் விலையை நெருங்கியது; 16ஆம் நூற்றாண்டின் நடுவில் ஓசெல் சுரங்கம் நீரில் மூழ்கிக் கைவிடப்பட்டது. வடமேற்குப் பொஹீமியாவின் யாக்கிமோவ் ஊரில் கிடைத்த புதிய வெள்ளியும், அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பல் கப்பலாக வந்த வெள்ளியும் விலையைக் குறைத்தன. நம்பிக்கைக்குப் பேர்பெற்றிருந்த கிரோஷில் வெள்ளியின் அளவு படிப்படியாகக் குறைக்கப்பட்டு, 1547இல் அது அடிக்கப்படுவதே நின்றது. பின்னர் வேறு காசுகளை அடித்துவந்த அக்கசாலையும் 1727இல் மூடப்பட்டது. முப்பதாண்டுப் போரின் சூறையும் 1770ஆம் ஆண்டின் பெருந்தீயும் இடையில் வந்துபோயின. பிராக்கும் அதைச் சுற்றிய பகுதிகளும் ஆலைகளாலும் புதுக் குடியிருப்புகளாலும் மாறிக்கொண்டிருந்த 19ஆம் நூற்றாண்டில், குட்னா ஹோரா ஒரு மாவட்டச் சிறுநகராகவே நின்றுவிட்டது. அவ்வாறு ஒதுங்கி நின்றதே பிற்காலத்தில் அதன் பேறாயிற்று: 1995இல் பழைய நகரமும், புனித பார்பரா தேவாலயமும், செட்லெட்ஸ் பேராலயமும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

பிராக்கின் தலைமை ரயில் நிலையத்திலிருந்து வருபவர் இறங்கும் குட்னா ஹோரா நிலையம் பழைய நகரில் இல்லை. அங்கிருந்து ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் தள்ளி, செட்லெட்ஸுக்கு அருகில் இருக்கிறது. நிலையத்திலிருந்து ஒரு குட்டி ரயில் நகரின் மையத்துக்குச் செல்கிறது. பயணிகளுள் பெரும்பான்மையோர் முதலில் காணச்செல்வது செட்லெட்ஸின் கல்லறைச் சிற்றாலயத்தை, அதாவது எலும்பு மாளிகை என்று பெயர்பெற்ற இடத்தை. 1278இல் மடத்தின் தலைவர் எருசலேமிலிருந்து இயேசு சிலுவையில் அறையப்பட்ட கல்வாரி மேட்டின் மண்ணைக் கொண்டுவந்து இம்மடத்தின் இடுகாட்டில் தூவினார் என்பது மரபு; அதனால் அவ்விடத்தில் அடக்கம் பெறுவதைத் தொலைநாட்டினரும் விரும்பினர். 1318இன் பஞ்சமும், நூற்றாண்டின் நடுவில் பரவிய கொள்ளைநோயும், ஹுஸைட் போர்களும் அங்கே பல்லாயிரவரைச் சேர்த்தன. இடுகாட்டைச் சுருக்கியபோது தோண்டியெடுக்கப்பட்ட எலும்புகள் சிற்றாலயத்தின் கீழ்த்தளத்தில் வைக்கப்பட்டன. அவற்றை 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்பார்வை மங்கிய ஒரு துறவி அடுக்கிவைத்தார் என்று கூறப்படுகிறது. மடம் கலைக்கப்பட்டபின் அந்நிலத்தைப் பெற்ற ஷ்வார்ட்சென்பெர்க் பிரபுக் குடும்பத்துக்காக, 1870இல் ஃபிரான்டிஷெக் ரின்ட் என்ற மரச்சிற்பி அவ்வெலும்புகளைக் கொண்டு தொங்குவிளக்கும், மாலைகளும், அக்குடும்பத்தின் குலச் சின்னமும் அமைத்தார். சுவரில் தம் பெயரையும் அவர் எலும்புகளாலேயே பதித்துவைத்தார்.

நாற்பதாயிரம் பேருக்கும் மேற்பட்டோரின் எலும்புகள் அங்கே உள்ளன எனக் கணிக்கப்படுகிறது. அவற்றை விந்தைப் பொருளாக மட்டும் கண்டுவிட்டு அரைமணி நேரத்தில் வெளியேறும் வழக்கம் வருத்தத்துக்குரியது. பசியாலும் நோயாலும் போராலும் மாண்ட மக்களின் எச்சம் அது, உயிர்த்தெழுதலை நம்பிப் புனித மண்ணில் இடம் தேடியவர்களின் எச்சம். ஓரத்தில் கூம்பு வடிவில் அடுக்கப்பட்டிருந்த எலும்புக் குவியல்கள் ஈரத்தால் நலிந்தமையால், அண்மை ஆண்டுகளில் அவை ஒவ்வொன்றாகப் பிரிக்கப்பட்டு, தூய்மை செய்யப்பட்டு, மீண்டும் அடுக்கப்படும் பணி நடைபெறுகிறது. பார்வையாளர் சிலர் மண்டையோடுகளுடன் தம்மைப் படமெடுத்துக்கொள்ளும் போக்கு மிகுந்ததால், 2020 முதல் உள்ளே படமெடுக்கத் தடை விதிக்கப்பட்டது. அது முற்றிலும் சரியான முடிவே.

அங்கிருந்து சில நிமிட நடையில் உள்ள மரியன்னையின் விண்ணேற்புப் பேராலயத்துக்கு மிகச் சிலரே செல்கின்றனர் என்பது வியப்பளிக்கிறது. 1421இல் எரிந்தபின் கூரையின்றி இரு நூற்றாண்டுகளுக்கும் மேல் நின்ற இப்பேராலயத்தை, 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யான் பிளாஜெய் சன்டினி என்ற கட்டடக் கலைஞர் புதுப்பித்து முடித்தார். வளைவும் அலைவும் நிறைந்த பரோக் பாணி கோலோச்சிய காலத்தில், அவர் அழிந்த கோதிக் வடிவத்தை மதித்து, கூரிய வளைவுகளையும் விலாக்கோடுகளையும் தம் காலத்து மனப்போக்கில் மீண்டும் எழுப்பினார். கலை வரலாற்றாசிரியர்கள் பரோக் கோதிக் என்று குறிக்கும் அரிய பாணிக்கு இது தலைசிறந்த எடுத்துக்காட்டு. அதன் வெண்மையான உட்புறத்தில் ஒளி தங்குதடையின்றிப் பரவுவதால், எலும்பு மாளிகையின் நெரிசலிலிருந்து வருபவருக்கு அது நீண்ட மூச்சு விடும் இடமாக அமைகிறது. 1783இல் பேரரசர் இரண்டாம் யோசப் மடத்தைக் கலைத்தார். மடத்தின் கட்டடங்களில் 1812இல் தொடங்கிய புகையிலை ஆலை இன்றும் அவ்விடத்திலேயே இயங்குகிறது.

பழைய நகரின் பார்வையை ஹ்ராடெக் என்ற சிறுகோட்டையிலுள்ள செக் வெள்ளி அருங்காட்சியகத்திலிருந்து தொடங்குவது பொருத்தம். 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் அக்கட்டடத்தை வைத்திருந்த யான் ஸ்மீஷெக் என்ற பெருஞ்செல்வர், தம் வீட்டுக்கு அடியிலேயே மறைவாக வெள்ளி உருக்கியதாகக் குற்றச்சாட்டு இருந்தது. அருங்காட்சியகத்தில் குதிரை சுற்றும் மர ஏந்திரம் ஒன்று முழு அளவில் பாதுகாக்கப்பட்டுள்ளது. அதைப் பார்த்தபின் பார்வையாளர் வெள்ளை அங்கியும் தலைக்கவசமும் அணிந்து, கையில் விளக்குடன், இடைக்காலச் சுரங்கம் ஒன்றின் வழியே ஏறத்தாழ 250 மீட்டர் தூரம் வழிகாட்டியின் பின்னே நடக்கலாம். சில இடங்களில் பக்கவாட்டில் திரும்பித்தான் செல்ல முடியும். தலை பலமுறை பாறையில் இடிக்கும். இடையில் ஓரிடத்தில் வழிகாட்டி எல்லா விளக்குகளையும் அணைக்கச் சொல்வது வழக்கம். ஓசெலின் ஆழத்தோடு ஒப்பிட்டால் அது மேற்பரப்புதான் என்றாலும், மேலே நிற்கும் ஒவ்வொரு கோபுரத்துக்கும் என்ன விலை கொடுக்கப்பட்டது என்பதை அங்கே உடலே உணர்ந்துகொள்ளும்.

சுரங்கம் ஊருக்குச் செல்வம் தந்ததோடு ஊரின் நீரையும் கெடுத்தது. நிலத்தடி நீரோட்டங்கள் சுரங்கங்களால் சிதைந்தன. ஆர்சனிக் கலந்த தாதுக்களைக் கிளறியதால் எஞ்சிய நீரும் குடிக்கத் தகுதியற்றதாயிற்று. எனவே தொலைவிலிருந்து குழாய்களில் கொண்டுவந்த நீரைத் தேக்க, 1490களில் பன்னிரண்டு பக்கங்கள் கொண்ட கல் நீர்த்தொட்டி எழுப்பப்பட்டது. சிற்பி மாட்யெய் ரெய்செக்கின் பட்டறையோடு தொடர்புபடுத்தப்படும் அது, கூரை இல்லாத ஒரு சிற்றாலயம் போல் ஒரு சிறு திடலில் நிற்கிறது. குடிநீரைத் தேக்கும் தொட்டிக்குத் தேவாலயத்துக்குரிய சிற்ப வேலைப்பாட்டை அளித்த அந்நகரத்தார் நீரின் அருமையை நன்கு அறிந்திருந்தனர்.

புனித பார்பரா தேவாலயத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டும். கிறித்தவ மரபில் பார்பரா, திடீர் மரணத்தை எதிர்நோக்கி வாழும் சுரங்கத் தொழிலாளரின் பாதுகாவலர். ஊரின் பெரும்பகுதி செட்லெட்ஸ் மடத்தின் சமய ஆளுகைக்கு உட்பட்டிருந்ததால், அதிலிருந்து விடுபட்ட, தமக்கே உரிய ஆலயத்தை விரும்பிய நகரத்தாரும் சுரங்க உரிமையாளரும் 1388இல் தம் பணத்தில் இதைத் தொடங்கினர். மன்னரோ ஆயரோ கட்டியதன்று என்பதே இதன் முதற்சிறப்பு. பிராக்கின் பேராலயத்தைக் கட்டிய பெட்ர் பார்லெரின் மகன் யான் இதன் முதல் கட்டடக் கலைஞர் எனக் கருதப்படுகிறார். ஹுஸைட் போர்களால் அறுபது ஆண்டுகள் வேலை நின்றது. மீண்டும் தொடங்கியபோது ரெய்செக், பலிபீடப் பகுதியின் வளைகூரையை 1499இல் முடித்தார்; அவருக்குப் பின் வந்த பெனெடிக்ட் ரீட், நடுக்கூடத்தின் கூரையில் கல் விலாக்களை நேராகச் செல்லவிடாமல், சுழன்று பின்னி மலரிதழ்களாக விரியும்படி அமைத்தார். மேலே கூர்ங்கோபுரங்களுக்குப் பதிலாகக் கூடாரம் போன்ற மூன்று கூரைகள் எழுந்தன. வெள்ளி குறையக் குறையப் பணமும் குறைந்து, 1558இல் மேற்குப் பக்கம் ஒரு தற்காலிகச் சுவரால் அடைக்கப்பட்டது. அந்தத் தற்காலிகச் சுவர் மூன்று நூற்றாண்டுகளுக்கும் மேல் நின்றது. 1884இல் தொடங்கிய புதுப்பிப்பில் கூடம் சற்று நீட்டப்பட்டு, 1905இல் வேலை நிறைவுற்றது. தொடக்கத்துக்கும் நிறைவுக்கும் இடையே 517 ஆண்டுகள். சுரங்கங்களின் எழுச்சியையும் தேய்வையும் ஆண்டு ஆண்டாக அக்கட்டடத்திலேயே படிக்க முடிகிறது.

உள்ளே, புனிதரும் தேவதூதரும் இடம்பெறும் சுவர்களிலேயே, காசடிக்கும் தொழிலாளர் சம்மட்டி ஓங்கும் காட்சி 15ஆம் நூற்றாண்டின் ஓவியமாகத் தீட்டப்பட்டுள்ளது. நடுக்கூடத்தில் வெள்ளை அங்கியணிந்த ஒரு சுரங்கத் தொழிலாளியின் சிலை நிற்கிறது. உழைப்பவரின் உருவத்தை வழிபாட்டிடத்துக்குள் இத்தகைய மதிப்போடு வைத்த ஊர்கள் அக்காலத்தில் அரிதே. வெளியே, ஆலயத்தை நகரோடு இணைக்கும் நீண்ட மேல்தளப் பாதையில், ஒரு பக்கம் 17ஆம் நூற்றாண்டில் இயேசு சபையினர் கட்டிய கல்லூரியும், மறு பக்கம் புனிதர் சிலைகளும், கீழே விர்ஹ்லிட்ஸே ஓடையின் பள்ளத்தாக்கும் திராட்சைத் தோட்டமும் தெரியும். பிராக்கின் சார்லஸ் பாலத்தை அப்பாதை நினைவூட்டும். அங்குள்ள நெரிசல் மட்டும் இங்கே இல்லை.

அக்கல்லூரிக் கட்டடத்தில் இப்போது நடு பொஹீமிய மண்டலத்தின் கலைக்கூடம் இயங்குகிறது. 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் வரையப்பட்ட ஓர் அரிய ஓவியத் தாளை அம்மண்டல நிர்வாகம் 2009இல் ஏலத்தில் வாங்கித் தாயகம் சேர்த்தது. தாதுவை மேலே இழுப்பதும், கழுவித் தரம் பிரிப்பதும், வணிகர் விலை பேசுவதும் எண்ணற்ற சிறு மனித உருவங்களோடு அதில் தீட்டப்பட்டிருப்பதால், சுரங்கத் தொழிலின் வரலாற்றை ஆராய்வோருக்கு அது இன்றியமையாத சான்று. இலக்கிய ஆர்வலர்க்கு, செக் நாட்டுப் பண்ணின் சொற்களை எழுதிய நாடகாசிரியர் யோசெஃப் கயேதான் டில் 1808இல் இவ்வூரில் பிறந்தவர் என்பது தனி ஈர்ப்பாகும். அச்சொற்கள் முதலில் 1834இல் அவருடைய நாடகம் ஒன்றின் பாடலாகவே அரங்கேறின. அண்மைக் காலத்தில் இளைஞரை இங்கே இழுத்துவருவது வேறொன்று: 1403ஆம் ஆண்டின் குட்னா ஹோராவைத் தெருத்தெருவாக மீட்டுருவாக்கிய ஒரு செக் கணினி விளையாட்டு 2025இல் வெளிவந்தது, அதில் நடந்த தெருக்களை நேரில் காணப் பலர் வருகின்றனர்.

பெரும்பாலான பயண நிறுவனங்கள் குட்னா ஹோராவைப் பிராக்கிலிருந்து அரைநாள் உலாவாகவே விற்கின்றன. அதில் எலும்பு மாளிகையும் பார்பரா ஆலயமும் மட்டுமே இடம்பெறுகின்றன, சுரங்கம் விடுபடுகிறது. ஊரை உள்ளபடி அறிய விரும்புபவர் ஓர் இரவாவது தங்குவது நன்று: முதல் நாள் செட்லெட்ஸும், மறுநாள் காலையில் சுரங்கமும், அதன் பின்னரே இத்தாலிய முற்றமும் பார்பரா ஆலயமும் என்ற வரிசை, ஊரின் வரலாறு நிகழ்ந்த வரிசைக்கும் நெருக்கமானது. இத்தாலிய முற்றத்தில் காசடிக்கும் முறையை வழிகாட்டிகள் செய்துகாட்டுவர். குளிர்கால மாதங்களில் வெள்ளி அருங்காட்சியகமும் சுரங்கமும் மூடப்பட்டிருக்கும் என்பதால், இளவேனில் முதல் இலையுதிர்காலம் வரையான பருவமே ஏற்றது. சுரங்கத்துக்குக் குழுக்களாகவே அனுமதி என்பதால் முன்பதிவு தேவைப்படும். உள்ளே ஆண்டு முழுவதும் குளிர்ந்தே இருக்கும் என்பதால் கோடையிலும் தடித்த மேலாடை வேண்டும். படிகள் மிகுதி, இடம் குறுகல் என்பதால் மூட்டுவலி உள்ளோரும் அடைபட்ட இடத்துக்கு அஞ்சுவோரும் மேலே உள்ள காட்சிக்கூடத்தோடு நிறுத்திக்கொள்வது நலம்.